திருச்சிக்குக் குடிவருகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பள்ளியை முடிவு செய்யுங்கள்

மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும் எல்லாரும் வீடு தேடத்தான் கிளம்புவார்கள். நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். ஸ்ரீரங்கத்தில் நல்ல காற்றோட்டமான வீடு, வாடகையும் தோதாக இருந்தது, அட்வான்ஸைக் கொடுத்துவிட்டோம். அப்புறம் பள்ளி தேடினால் பெண்ணுக்கு ஏழாம் வகுப்பில் இடம் கிடைத்தது தஞ்சாவூர் ரோட்டில், ஊரின் மறுகோடியில். காலை 6.50க்கு வேன் ஏறுவாள், மாலை ஐந்தரைக்கு இறங்குவாள், ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சுருண்டு தூங்கிவிடுவாள். 11 மாத அக்ரிமெண்ட் முடிகிற வரைக்கும் இதே கதைதான். முடிந்த கையோடு வீட்டை மாற்றினோம்.

அதனால் நான் சொல்லப்போகிற வரிசை புரோக்கர் சொல்கிற வரிசைக்கு நேர் எதிர். பிள்ளை எந்த வகுப்பு என்பதை முதலில் பாருங்கள், பிறகு பள்ளி, பிறகு சாலை, கடைசியில் வீடு.

முதல் வேலை: வகுப்பைக் கணக்குப் போடுங்கள்

ஒரு தாளில் பிள்ளை இப்போது படிக்கிற வகுப்பை எழுதி, அதிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு கோடு போடுங்கள். எந்த வருடத்தில் எதை மாற்றினால் என்ன போகும் என்று அந்தக் கோட்டில் தெரிந்துவிடும்.

சின்னப் பிள்ளையாக இருந்தால் வயதுக் கணக்கு. மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர ஜூலை 31 அன்று 5 வயது முடிந்திருக்க வேண்டும். கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31 அன்று 6 வயது முடிந்திருக்க வேண்டும். ஒரே பிள்ளை ஒரு பள்ளியில் இந்த வருடமே ஒன்றாம் வகுப்பு, இன்னொன்றில் அடுத்த வருடம்தான் என்று ஆகலாம். இது தெரியாமல் யூகேஜி முடித்த பிள்ளையோடு கேந்திரிய வித்யாலயா போய்த் திரும்பியவர்களை எனக்கே தெரியும்.

ஆறாம் வகுப்பைத் தொடும் பிள்ளை என்றால் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏற்கெனவே அரசுப் பள்ளியில் ஆறு, ஏழு முடித்த பிள்ளையை “புது ஊராச்சே, ஒரு வருஷம் தனியார்ல போட்டுப் பார்ப்போம்” என்று மாற்றினால் அந்த உரிமை போய்விடும், திரும்பி வந்தாலும் ஒட்டாது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. நீட்டுக்கும் பொறியியலுக்கும் லட்சக்கணக்கில் யோசிக்கிற குடும்பம் இதைக் கணக்கில் எடுக்காமல் இருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

பத்திலோ பன்னிரண்டிலோ இருக்கும் பிள்ளையை முடிந்தவரை நகர்த்தாதீர்கள். சிபிஎஸ்இயில் ஒன்பதிலும் பதினொன்றிலும் பதிவு செய்துவிடுவார்கள், பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நேராகச் சேர்க்க வாரியத்தின் அனுமதி வேண்டும். பெற்றோரின் மாற்றல் ஒரு காரணமாக ஏற்கப்படும் என்றாலும் அதற்குப் பணி மாற்ற உத்தரவு, முகவரிச் சான்று என்று ஒரு கட்டுக் காகிதம் கேட்பார்கள். ஒரு வருடம் அப்பா மட்டும் முன்னால் வந்து ரூம் எடுத்துத் தங்குவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அதில் தப்பே இல்லை.

பதினொன்றில் வருவது நல்ல நேரம், ஆனால் அவசரமான நேரமும் அதுதான். மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த சில நாட்களிலேயே பெயர்பெற்ற பள்ளிகளில் பயோ மேத்ஸும் கம்ப்யூட்டர் சயின்ஸும் நிரம்பிவிடும். அன்றைக்கு நீங்கள் திருச்சியில் இருக்க வேண்டும். வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே ஒரு லாபமும் உண்டு. என்ஐடி எனும் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தாருக்கு, மாநிலம் எது என்பதை முடிவு செய்வது பிள்ளை எங்கே பன்னிரண்டாம் வகுப்பு தேறியது என்பது. புனேயிலோ ஹைதராபாத்திலோ பத்து முடித்த பிள்ளை இங்கே பன்னிரண்டு முடித்தால் திருச்சி என்ஐடியில் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் போட்டியிடலாம்.

அடுத்து: பள்ளியின் ஜாதகம்

திருச்சியில் பெயரை வைத்துப் பள்ளியின் வகையைக் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஊருக்குப் பள்ளி புதிதல்ல. வெஸ்ட்ரி பள்ளி 1763இல் தொடங்கியது, கேம்பியன் 1934இல். செயின்ட் ஜோசப், பிஷப் ஹீபர், நேஷனல், இ.ஆர்., சாவித்திரி வித்யாசாலா என்று மலைக்கோட்டையைச் சுற்றியும் புத்தூர்ப் பக்கமும் உள்ள பழைய பள்ளிகள் பலவும் அரசு உதவி பெறும் பள்ளிகள், அதாவது எய்டட். ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கும், நிர்வாகம் தனியாருடையது. கட்டணம் குறைவாக இருப்பதால் பலர் இதை அரசுப் பள்ளி என்றே நினைத்துவிடுகிறார்கள். அப்படி நினைத்தால் அடி விழும், ஏனென்றால் மேலே சொன்ன 7.5 சதவீதம் எய்டட் பள்ளிக்குக் கிடையாது. கல்லூரியில் சேர்ந்த பிறகு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் மட்டும் அரசுப் பள்ளியோடு எய்டட் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஒரே வளாகத்துக்குள்ளேயே தமிழ்வழி எய்டடாகவும் ஆங்கிலவழி சுயநிதியாகவும் இருக்கும், ஆகவே “எந்தப் பள்ளி” என்று கேட்டால் போதாது, “எந்த செக்‌ஷன்” என்றும் கேளுங்கள்.

மெட்ரிக் என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். 2011இல் சமச்சீர் கல்வி எல்லா வகுப்புகளுக்கும் வந்த பிறகு மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், சாதா ஸ்டேட் போர்டு எல்லாவற்றுக்கும் பத்து வரை ஒரே பாடத்திட்டம்தான். வித்தியாசம் பாடத்தில் இல்லை, பள்ளி நடத்தும் விதத்திலும் நீங்கள் கட்டும் பணத்திலும் இருக்கிறது.

சிபிஎஸ்இ வேண்டும் என்றால் கமலா நிகேதன் போன்று வெகுகாலமாக இருப்பவையும் உண்டு, ஊரைச் சுற்றி நெடுஞ்சாலை ஓரங்களில் புதிதாக முளைத்தவையும் உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கு கேந்திரிய வித்யாலயா இருக்கிறது, துப்பாக்கித் தொழிற்சாலைப் பக்கமும் பொன்மலையிலும். வேறு ஊர் கேந்திரிய வித்யாலயாவிலிருந்து மாற்றலில் வருகிற பிள்ளைக்கு அங்கே சேர்வது ஓரளவு சுலபம். பெல் (பிஎச்இஎல்) தொழிற்சாலையின் டவுன்ஷிப்பில், கைலாசபுரத்தில், ஆர்.எஸ்.கே. மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, திருவெறும்பூர்ப் பக்கம் குடியேறுகிறவர்கள் அதை விசாரிக்காமல் விடாதீர்கள்.

பழைய பள்ளிகளில் பல ஆண்களுக்கு மட்டும் அல்லது பெண்களுக்கு மட்டும். அண்ணனும் தங்கையும் இருக்கிற வீட்டில் இரண்டு பள்ளி, இரண்டு யூனிஃபார்ம், இரண்டு பெற்றோர் கூட்டம். அதுவும் ஒரே சனிக்கிழமை காலையில் வைப்பார்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தில் 25 சதவீத இடம் கேட்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: எல்கேஜி அல்லது ஒன்றாம் வகுப்பு, அதாவது பள்ளியின் ஆரம்ப வகுப்பில் மட்டும்தான் அது. வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், நலிந்த பிரிவில் கேட்டால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருச்சியில் பெயர்பெற்ற பள்ளிகளில் கணிசமானவை கிறிஸ்தவ நிறுவனங்கள் நடத்துபவை, எனவே அந்த வாசலில் இதைக் கேட்டுப் பயன் இல்லை.

மொழி. வடக்கிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய மலை. தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது, மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பில் தமிழ்த் தேர்வு எழுதியாக வேண்டும். எட்டு ஒன்பதில் வந்து இறங்கும் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே ஒரு வருடம் ஆகும். வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் விலக்குக் கேட்க வழி இருக்கிறது, ஆனால் பள்ளி மூலமாகத்தான் போக வேண்டும், சேர்க்கும்போதே எழுதிக் கொடுத்து அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வகுப்பில் வரும் பிள்ளைக்கு விலக்கெல்லாம் கேட்காதீர்கள், ஆறு மாதத்தில் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து அதுவாகவே பேசிவிடும்.

சாலை, அப்புறம் வீடு

திருச்சி சின்ன ஊர் மாதிரி தெரியும். காலை எட்டரை மணிக்கு அப்படித் தெரியாது. ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு ஊருக்குள் படிக்கும் பிள்ளை தினமும் காவிரிப் பாலத்தைக் கடக்க வேண்டும், பாலத்தில் ஒரு லாரி நின்றால் அன்றைக்கு முதல் பீரியட் போச்சு. தஞ்சாவூர் ரோட்டில் பால்பண்ணை சந்திப்பிலிருந்து துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு கேட்டு ஊர்க்காரர்கள் பல வருடமாகப் போராடுகிறார்கள், நெடுஞ்சாலை லாரிகளுக்கு நடுவேதான் ஸ்கூல் வேனும் போகும். மெயின் கார்டு கேட், தெப்பக்குளம் பகுதிப் பள்ளிகள் தரமானவை, ஆனால் அங்கே கார் கொண்டுபோய் நிறுத்த இடம் தேடினால் உங்களுக்கு பிபி ஏறிவிடும்.

பொதுவாகச் சொன்னால், ஊருக்குள் இருக்கும் பழைய பள்ளி, கல்லூரிகளுக்கு தில்லைநகர், உறையூர், புத்தூர், கண்டோன்மென்ட். விமான நிலையம், புதுக்கோட்டை ரோடு பக்கம் வேலை என்றால் கே.கே.நகர். பெல், என்ஐடி, துவாக்குடி என்றால் திருவெறும்பூர், காட்டூர். இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், ஆனால் பாலத்தின் எந்தப் பக்கம், பால்பண்ணையின் எந்தப் பக்கம் என்ற இரண்டு கேள்விக்காவது முதலில் பதில் தெரியட்டும்.

பள்ளியைப் பார்க்கப் போகும் நேரம் முக்கியம். காலை பதினொரு மணிக்குப் போனால் வரவேற்பறையில் ஏசியும் கோப்பைகளும்தான் தெரியும். நான் சொல்வது மாலை நாலு மணி. கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்று பாருங்கள். ஒரு பள்ளியில் மணி அடித்ததும் ஆட்டோக்கள் குறுக்கே நுழைய, ஒரு சின்னப் பையன் பையின் எடையில் பின்பக்கமாகச் சாய்ந்து நடுரோட்டில் நின்றான், வாட்ச்மேன் போனில் இருந்தார். இன்னொரு பள்ளியில் ஒரு டீச்சர் வெயிலில் நின்று ஒவ்வொரு வேனுக்கும் பேர் சொல்லிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கே சேர்த்தோம் என்று சொல்லத் தேவையில்லை.

உள்ளே போனால் கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு, வேன், புத்தகம், யூனிஃபார்ம் எல்லாம் சேர்த்து. தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்க 2009 சட்டப்படி ஒரு குழு இருக்கிறது, அந்தக் குழு இந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை என்ன என்று கேட்பது உங்கள் உரிமை. எந்தப் பணமானாலும் ரசீது. எட்டாம் வகுப்பு வரை பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்துச் சேர்க்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, அதனால் அதற்கு “இன்டராக்‌ஷன்” என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

டிசி, எமிஸ்: இங்கேதான் வண்டி நிற்கும்

தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறுகிறவர்கள் டிசி கையில் வந்துவிட்டால் போதும் என்று கிளம்பிவிடுகிறார்கள். போதாது. எமிஸ் என்பது மாநிலக் கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவேடு, அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் இருக்கிறது. பழைய பள்ளி அந்தப் பெயரைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்துக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு அனுப்பினால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். எங்கள் பழைய பள்ளியில் டிசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் எமிஸில் விடுவிக்க மறந்துபோனார்கள். போன் செய்தால் “ஆபரேட்டர் லீவு.” பத்து நாளைக்கு மேல் பெண் பேர் எந்தப் பள்ளியிலும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கியது. டிசி வாங்கும் அன்றே கம்ப்யூட்டர் முன்னால் நின்று, விடுவித்ததைத் திரையில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எமிஸ் எண்ணைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பள்ளி டிசி தராமல் இழுத்தடித்தால் பயப்பட வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை, டிசி வரவில்லை என்பதற்காக அரசு, எய்டட் பள்ளிகள் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது. பீஸ் பாக்கி என்று டிசியில் எழுதுவதையும் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் கண்டித்திருக்கிறது. அப்படியும் மசியவில்லை என்றால், அந்தப் பள்ளி இருக்கிற மாவட்டத்தில் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் மனு. வாயால் சொன்னது எதுவும் நிற்காது.

வெளிமாநிலத்து டிசி என்றால் அங்குள்ள கல்வி அதிகாரியின் மேலொப்பம் வாங்கிவிட்டே ரயில் ஏறுங்கள். இங்கே வந்த பிறகு அதற்காக லீவு போட்டுத் திரும்பிப் போவது வேதனை. கூடவே பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், கடைசி இரண்டு வருட ரிப்போர்ட் கார்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் இன்னொன்று இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஏறிவிட்டால் அதைத் திருத்துவது தனிப் பிழைப்பு.

கல்லூரி வயதில் பிள்ளை இருந்தால்

இந்த விஷயத்தில் திருச்சி கொடுத்துவைத்த ஊர். செயின்ட் ஜோசப் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் இங்கே வந்தது, அப்துல் கலாம் படித்த கல்லூரி. நேஷனல் 1919, பெண்களுக்கான ஹோலி கிராஸ் 1923, ஜமால் முகமதுவும் சீதாலட்சுமி ராமசுவாமியும் 1951, பிஷப் ஹீபர் 1966. அரசுக் கல்லூரி என்றால் காஜாமலையில் பெரியார் ஈவெரா, துவாக்குடியிலும் ஒன்று.

பழைய கல்லூரிகளில் எய்டட், செல்ஃப் ஃபைனான்ஸ் என்று இரண்டு பிரிவு இருக்கும், பெரும்பாலும் காலை ஷிஃப்ட் ஒன்று, மதிய ஷிஃப்ட் இன்னொன்று. இரண்டுக்கும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் அதே பட்டம்தான், கட்டணம் மட்டும் மடங்குக் கணக்கில் மாறும். விண்ணப்பத்தில் எந்தப் பெட்டியில் டிக் அடிக்கிறீர்கள் என்று இரண்டு முறை பாருங்கள். அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் ஒரே விண்ணப்பம், எய்டட் கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி.

பொறியியலுக்கு அண்ணா பல்கலைக்கழகக் கட் ஆஃப் 200க்கு: கணிதம் முழுசாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 என்றால் 92 + 44 + 45 = 181. வெளியூரில் படித்த பிள்ளைக்கு முக்கியமானது படிப்பு வரலாறு. பொறியியலுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை, மருத்துவத்துக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்திருக்க வேண்டும், நடுவில் இரண்டு வருடம் பெங்களூரு போயிருந்தால் நேட்டிவிட்டி சான்றிதழ் தேவை. அதைத் தாசில்தார் அலுவலகத்தில் கலந்தாய்வு நேரத்தில் போய்க் கேட்டால் ஊரே அங்கே வரிசையில் நிற்கும், இ-சேவையில் மார்ச் ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழும் கூடவே. சிபிஎஸ்இ பிள்ளைகள் மைக்ரேஷன் சான்றிதழை மறக்க வேண்டாம்.

1964இல் தொடங்கிய என்ஐடி, ஊரிலிருந்து சுமார் 20 கி.மீ. தள்ளி துவாக்குடியில், அதற்கு ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வு. நாவலூர் குட்டப்பட்டில் தேசிய சட்டப் பல்கலைக்கழகம், அதற்கு கிளாட் நுழைவுத் தேர்வு. அதே நாவலூரில் அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி. 2011இல் வந்த ஐஐஎம் புதுக்கோட்டை ரோட்டில். சேதுராப்பட்டியில் ஐஐஐடி. கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு நீட். டிப்ளமா போதும் என்றால் அரியமங்கலம் சேஷசாயி பாலிடெக்னிக்கை விசாரியுங்கள், தொழிற்சாலைகள் நிறைந்த ஊரில் டிப்ளமாவைக் குறைவாக எடைபோடுவது நம்முடைய வீண் பெருமைதான்.

கடைசியாகப் பஸ். அரசு, எய்டட் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பாஸ், பெண்களுக்கு 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமே இல்லை. கல்லூரி போகும் பெண் இருந்தால் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து எந்தப் பஸ் எப்போது என்று ஒரு நாள் நீங்களே கூடப் போய்ப் பாருங்கள். ஸ்ரீரங்கம் போகிற 1ஆம் நம்பர் அடிக்கடி வரும், துவாக்குடிப் பக்கம் போகிறவர்கள் சாதா பஸ்ஸா, தனியார் பஸ்ஸா என்று முன்கண்ணாடியைப் பார்த்து ஏறச் சொல்லுங்கள், தனியார் பஸ்ஸில் டிக்கெட் உண்டு.